பொய்ப்பழி விழும்போது கிறிஸ்தவர் பேசலாமா, சும்மா இருக்க வேண்டுமா?

ஒருவர்மேல் செய்யாத குற்றம் சுமத்தப்பட்டது என்று சபையில் தெரியவந்தால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் பலர் ஒரே வசனத்தைத்தான் எடுப்பார்கள்: "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனம் அது. வாக்குத்தத்த அட்டைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அதைப் பார்த்திருப்போம். அடுத்த வசனத்தை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அதில் கர்த்தர் மோசேயைப் பார்த்து, நீ என்னிடத்தில் முறையிடுவது என்ன, புறப்பட்டுப் போகும்படி இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல் என்கிறார். முன்னே கடலும் பின்னே பார்வோனின் இரதங்களும் இருந்த அந்த இடத்தில், சும்மா இருக்கச் சொல்லப்பட்ட அதே ஜனம் நடக்கவும் சொல்லப்பட்டது.

பொய்ப்பழிக்கு ஆளான கிறிஸ்தவர் என்ன செய்யலாம் என்று முதன்முறையாக யோசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. வேதம் தடுப்பது பழிவாங்குவதை. உண்மையைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்வதை அது எங்கும் தடுக்கவில்லை. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்தினால் சிலர் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள், சிலர் வாயை மூட வேண்டிய இடத்தில் வசைபாடுகிறார்கள்.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்னும் கட்டளையிலிருந்து தொடங்கலாம். சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் இதை ஒன்பதாம் கட்டளை என்று படிப்பார்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் எட்டாம் கட்டளை என்று எண்ணுவார்கள். எண் மாறினாலும் பொருள் ஒன்றே. பொதுவாகப் பொய் பேசக் கூடாது என்று சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் கட்டளையாக இது இன்று சுருங்கிவிட்டது. ஆனால் அதன் சொற்கள் நியாயஸ்தலத்துக்கு உரியவை. பண்டைய இஸ்ரவேலில் வழக்கு விசாரணை ஊர் வாசலில், மூப்பர்கள் முன்னால் நடந்தது. சாட்சிகளின் வாய்ச்சொல்லை வைத்தே ஒருவருடைய உயிர் போகவும் கூடும். அதனால்தான் உபாகமம் 19ஆம் அதிகாரம் ஒரே சாட்சியை வைத்து எவரையும் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்றும், நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்றும், சாட்சி பொய்யென்று தெரிந்தால் அவன் தன் சகோதரனுக்குச் செய்ய நினைத்ததை அவனுக்கே செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. பொய்ப்பழி தேவனுக்கு எதிரான குற்றமாக மட்டுமல்லாமல், ஊரார் விசாரித்துத் திருத்த வேண்டிய குற்றமாகவும் அங்கே கருதப்படுகிறது.

இந்த விதியையும் வளைக்கலாம் என்பதை வேதமே காட்டுகிறது. 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேல் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். ராஜாவின் பெயரால் நிருபம் எழுதி, அவனுடைய முத்திரையைப் போட்டு, உபவாசம் கூறச் செய்து, சாட்சி சொல்ல இரண்டு பேரை உட்கார வைக்கிறாள். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும் என்ற சட்டம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. நாபோத் கல்லெறியுண்டு செத்தான். நடைமுறை சரியாக இருந்ததாலேயே தீர்ப்பும் சரி என்று நினைத்துவிடுகிற சபைக் கமிட்டிகள் இந்த அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிப்பது நல்லது.

இனி, பழி விழுந்த ஒருவர் படிப்படியாக என்ன செய்தார் என்பதை ஒரே வழக்கில் முழுவதுமாகப் பார்க்க வேண்டுமானால், அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் முதல் உள்ள பவுலின் வழக்கைவிட நல்ல பாடம் கிடைக்காது. எருசலேமின் தெருக்களில், யூதரல்லாத எபேசு பட்டணத்தானாகிய துரோப்பீமு பவுலோடு நடந்துபோனதைச் சிலர் கண்டிருந்தார்கள். பிறகு பவுலை ஆலயத்தில் கண்டபோது, துரோப்பீமுவையும் அவர் உள்ளே கூட்டிவந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டார்கள். கண்டது தெருவில்; எண்ணியது ஆலயத்தில். இரண்டையும் இணைத்தது ஊகம். பல பொய்ப்பழிகள் இப்படித்தான் பிறக்கின்றன. முதலிலேயே திட்டமிட்டுப் புனையப்படுபவை அவற்றில் ஒரு பகுதியே. ஆனால் இந்த ஊகத்தின் விலை பெரிது. ஆலயத்தின் உட்பிராகாரத்துக்குள் யூதரல்லாத அந்நியர் நுழைந்தால் மரணம் என்று கிரேக்கத்தில் பொறித்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லின் சொற்களை நினைத்துக்கொண்டு வாசித்தால், ஜனங்கள் பவுலை ஆலயத்துக்கு வெளியே இழுத்துக் கொல்லப் பார்த்தது ஏன் என்பது விளங்கும்.

பவுல் சும்மா இருக்கவில்லை. கூட்டத்திடமிருந்து தன்னைப் பிடித்துச் சென்ற ரோமச் சேனாபதியிடம் அனுமதி கேட்டுப் படிகளில் நின்று ஜனங்களோடு பேசினார். சாட்டையால் அடித்து விசாரிக்கக் கட்டியபோது, விசாரணையில்லாமல் ரோமக் குடிமகனை அடிப்பது நியாயமா என்று கேட்டார். தன்னைக் கொல்ல நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம் செய்திருப்பதைச் சகோதரியின் மகன் வந்து சொன்னபோது, தேவன் பார்த்துக்கொள்வார் என்று அவனைத் திருப்பி அனுப்பாமல், சேனாபதியிடம் அழைத்துப்போகச் சொன்னார். அதன் விளைவாக 470 போர்வீரர் காவலாக, இரவோடு இரவாகச் செசரியாவுக்கு அனுப்பப்பட்டார். முந்தின இரவில்தான் கர்த்தர் அவருக்குத் தரிசனமாகி, நீ ரோமாவிலும் சாட்சி கொடுக்க வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத்தத்தம் கையில் இருந்தும் பாதுகாப்பைத் தேடினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செசரியாவில் தேசாதிபதி பேலிக்ஸ் முன்னால் தெர்த்துல்லு என்னும் நியாயசாதுரியன், அதாவது எதிர்த்தரப்பு வழக்கறிஞன், பவுலைக் கொள்ளைநோய் என்றும், உலகெங்கும் யூதருக்குள் கலகம் எழுப்புகிறவன் என்றும் சாடினான். பவுலின் பதிலை நிதானமாகப் படித்தால், இன்றும் ஒரு நல்ல வழக்கறிஞர் ஒத்துக்கொள்ளும் ஒழுங்கு அதில் இருப்பது தெரியும். எருசலேமுக்கு வந்து பன்னிரண்டு நாளுக்குமேல் ஆகவில்லை என்று கால அளவைச் சொல்கிறார். ஆலயத்திலும் ஜெப ஆலயங்களிலும் நகரத்திலும் தான் யாரோடும் தர்க்கித்ததையோ கூட்டம் கூட்டியதையோ எவரும் காணவில்லை என்கிறார். இவர்களால் இதை நிரூபிக்க முடியாது என்கிறார். என்னைக் கண்டதாகச் சொன்ன ஆசியா நாட்டு யூதர்கள் எங்கே, அவர்களல்லவா இங்கே வந்து குற்றம் சாட்ட வேண்டும் என்று கேட்கிறார். நடுவில், "உம்மிடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ளுகிறேன்" என்று சொல்லி, அவர்கள் மதபேதம் என்று பழிக்கும் மார்க்கத்தின்படி தான் ஆராதிப்பது உண்மையே என்கிறார். உண்மையான பகுதியை ஒப்புக்கொண்டு, பொய்யான பகுதியை மட்டும் மறுக்கிறார். தெர்த்துல்லுவின் குணத்தைப் பற்றியோ பிரதான ஆசாரியரின் வாழ்க்கையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் அதற்குச் சில நாள் முன்பு அவரும் நிதானம் இழந்திருந்தார். ஆலோசனைச் சங்கத்தில் வாயில் அடிக்கும்படி அனனியா கட்டளையிட்டபோது, "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று சீறிவிட்டார். அவர் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக் கூடாது என்ற வேதவாக்கைத் தானே எடுத்துச் சொல்லிப் பின்வாங்கினார். நடபடிகள் நூலை எழுதிய லூக்கா இதை மறைக்காமல் எழுதி வைத்தது நமக்குப் பெரிய உபகாரம். பழி விழுந்தவருக்குக் கோபம் வருவது இயல்பு. கோபத்தில் சொன்னதைத் திரும்பப் பெறுவதும் கிறிஸ்தவப் பதிலின் ஒரு பகுதியே.

அப்படியானால் இயேசுவின் மௌனத்தை என்ன செய்வது? சபையில் எப்போதும் எழும் கேள்வி இது. மாற்கு 14ஆம் அதிகாரத்தில், பலர் பொய்ச்சாட்சி சொல்லியும் "அந்தச் சாட்சிகள் ஒவ்வவில்லை" என்கிறது வேதம்; அந்த ஒவ்வாத சாட்சிகளுக்கு அவர் பதில் சொல்லவில்லை. ஏரோதுவின் வேடிக்கைக் கேள்விகளுக்கும் பதில் இல்லை. ஆனால் நீர் கிறிஸ்துவா என்று பிரதான ஆசாரியர் நேரடியாகக் கேட்டபோது, நான் அவர்தான் என்றார். முன்னாள் பிரதான ஆசாரியர் அன்னாவின் வீட்டில் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி" என்று கேட்டார். மறுகன்னத்தைக் காட்டும்படி போதித்தவர் அங்கே கேட்டது ஆதாரம். சொல்லப்பட்டது பொய்யா என்று நேர்மையாக விசாரிக்கும் எண்ணமே இல்லாத இடத்தில் மௌனம், உண்மை கேட்கப்படும் இடத்தில் உண்மை என்று இரண்டையும் அவரிடம் காண்கிறோம். அவருடைய மௌனத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஏசாயா 53 சொல்லும் ஆட்டுக்குட்டியாக, பிறருக்காக மரிக்கவே அவர் நின்றார். நம்மேல் விழும் பழியைச் சுமந்து நாம் யாரையும் மீட்கப் போவதில்லை. ஆகையால் அவருடைய மனநிலையைப் பின்பற்றலாம். ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் அவருடைய மௌனத்தை நகலெடுக்க வேண்டியதில்லை. 1 பேதுரு 2:23 அந்த மனநிலையை இப்படிச் சொல்கிறது: "அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." விட்டுவிடச் சொல்லப்படுபவை வசையும் மிரட்டலும்.

நீதிமொழிகள் 26ஆம் அதிகாரத்தில் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்று ஒரு வசனமும், மூடனுக்கு மறுஉத்தரவு கொடு என்று அதற்கு அடுத்த வசனமும் அருகருகே நிற்கின்றன. தொகுத்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. எந்த நாளில் எந்த வசனம் என்று பகுத்தறிவதே ஞானம் என்று அவர் நம்மை நம்பி விட்டுவிட்டார்.

மௌனத்தைத் தேர்ந்தவர்களும் வரலாற்றில் உண்டு. தென்னித்தாலியில் 1754இல், மீட்பர் சபைத் துறவியாகிய சகோதரர் ஜெரார்டு மஜெல்லாமேல் ஓர் இளம்பெண் ஒழுக்கக்கேடு சாட்டினார். சபையின் நிறுவனர் அல்போன்ஸ் லிகோரி அழைத்து விசாரித்தபோது, அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டால் சாக்குச் சொல்லாதிருக்க வேண்டும் என்ற சபை ஒழுங்கை அப்படியே பற்றிக்கொண்டார். நற்கருணை அவருக்கு மறுக்கப்பட்டது. பிறகு அந்தப் பெண்ணே தான் சொன்னது பொய் என்று எழுதினார். இந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவர் துறவி, அவருடைய மௌனத்தால் பட்டினி கிடக்க மனைவியோ, பள்ளிக்கூடத்தில் தலைகுனிய மகளோ இல்லை. குடும்பத்தின் பெயரும் ஒரு ஊழியத்தின் நம்பகமும் தன்மேல் தங்கியிருக்கிறவர், தனக்காக வாயைத் திறக்காவிட்டாலும் அவர்களுக்காகத் திறக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான காட்சி கி.பி. 335இல் தீரு நகரத்தில் கூடிய ஆயர் மன்றத்தில் நடந்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, அர்சேனியு என்னும் ஆயரைக் கொன்று, மந்திரவாதத்துக்காக அவருடைய கையை வெட்டி எடுத்துவிட்டார் என்பது வழக்கு. வெட்டப்பட்ட கை ஒன்றையும் பெட்டியில் கொண்டுவந்து காட்டினார்கள். சபை வரலாற்றாசிரியர்கள் சோக்கிராத்தேசும் தியோதொரேத்தும் சொல்வதன்படி, அத்தனாசியுவின் ஆட்கள் அதற்குள் அர்சேனியுவைத் தேடிப் பிடித்திருந்தார்கள். உங்களில் யாருக்காவது அர்சேனியுவின் முகம் தெரியுமா என்று அத்தனாசியு கேட்டார். தெரியும் என்றார்கள். போர்வையால் மூடிய ஒருவர் உள்ளே அழைத்து வரப்பட்டார். முகத்தைத் திறந்தார்கள், அர்சேனியு. போர்வையின் ஒருபக்கத்தை விலக்கி ஒரு கையைக் காட்டினார்கள். சற்றுப் பொறுத்து மறுபக்கத்தையும் விலக்கினார்கள். மனிதனுக்கு இரண்டு கைதான் உண்டு, மூன்றாவது எங்கிருந்து வெட்டப்பட்டது என்று அத்தனாசியு கேட்டாராம்.

கதை அங்கே முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு மிக வசதி. முடியவில்லை. மன்றம் வேறு குற்றங்களைச் சொல்லி அவரைப் பதவிநீக்கம் செய்தது. அவர் பேரரசர் கான்ஸ்தந்தீனிடம் முறையிடப் போனபோது, அலெக்சாந்திரியாவிலிருந்து தலைநகருக்குப் போகும் தானியக் கப்பல்களை நிறுத்துவதாக மிரட்டினார் என்று புதிய பழி வந்தது. இன்றைய ஜெர்மனியிலுள்ள திரியருக்கு நாடுகடத்தப்பட்டார். வாழ்நாளில் ஐந்து முறை நாடுகடத்தலைச் சந்தித்தார். ஒரு பொய்யை உடைத்தால் இன்னொன்று முளைக்கலாம். பெயரைக் காப்பாற்றிவிடலாம் என்ற உத்தரவாதத்துக்காக உண்மையைப் பேசுகிறவர், இரண்டாவது பழியில் உடைந்துபோவார்.

சாட்சிகளைச் சோதிப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு, கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்திலுள்ள சூசன்னாவின் வரலாறு பதில். இரண்டு முதியோரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின்கீழ் கண்டாய் என்று கேட்டான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். நம் காலத்தில், பாகிஸ்தானின் பஞ்சாபில் 2009இல் வயல்வேலையின்போது தண்ணீரால் எழுந்த சச்சரவைத் தொடர்ந்து தேவதூஷணக் குற்றம் சாட்டப்பட்டு, 2010இல் மரணதண்டனை பெற்ற ஆசியா பீபியை, 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தபோதும் சாட்சிகளின் முரண்பாடுகளே பெரிதாகப் பேசப்பட்டன. வாதாடியவரும் தீர்ப்பளித்தவர்களும் முஸ்லிம்கள். அவருக்காகக் குரல் கொடுத்த ஆளுநர் சல்மான் தசீரும் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உண்மை பேச நாவு கொடுப்பவர் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

நம்மில் பெரும்பாலோருக்கு வரும் பழி இவ்வளவு பெரிதாக இருக்காது. சபையின் பொருளாளர் அசனப் பண்டிகைக் கணக்கில் கைவைத்துவிட்டார் என்று யாரோ வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசிக்கும் ஆட்டுக்கறிக்கும் பந்தலுக்கும் கொடுத்த பணத்தின் ரசீதுகள் ஒரு கோப்பில் இருக்கின்றன. அன்றிரவே குழுவில் பத்துக் குரல்பதிவுகள் போடுவதைவிட, அந்த வரியை நகலெடுத்து வைத்துவிட்டுத் தூங்கப் போவதே மேல். மறுநாள் மத்தேயு 18:15 சொல்லும் முறைப்படி, எழுதியவரைத் தனியே போய்ப் பார்க்கலாம். கேட்கவில்லையென்றால் ஒருவரை அல்லது இருவரைக் கூட்டிப்போகலாம். அதற்கும் பிறகு சபை. ரசீதுக் கோப்பை ஆயரிடமும் கணக்குத் தணிக்கையாளரிடமும் கொடுத்து, எழுத்தில் முடிவு கேட்கலாம். ஒரு ரசீது உண்மையிலேயே தொலைந்துபோயிருந்தால், அதை முதலில் தானே சொல்லிவிட வேண்டும். எதிராளி கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற எல்லா ரசீதுகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். குழுவிலுள்ள மற்றவர்களுக்கும் கடமை உண்டு. தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அயலான் வந்து அவனைச் சோதிப்பான் என்கிறது நீதிமொழிகள் 18:17. முதல் குரல்பதிவைக் கேட்டதும் "ஐயோ" என்று பொம்மை போட்டுப் பகிர்கிறவரும் அந்தப் பொய்ச்சாட்சியில் பங்காளியே.

தன்னைத் தானே சோதிப்பது என்பதில் தாவீதைவிடக் கடினமான பாடம் இல்லை. கலகம் செய்த தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடும் வழியில், முந்தைய ராஜா சவுலின் உறவினன் சீமேயி கல்லெறிந்து, சவுலின் வீட்டாருடைய இரத்தப்பழி உன்மேல் வந்தது என்று தூஷிக்கிறான். அந்தக் குற்றச்சாட்டு பொய். சவுலை இரண்டுமுறை உயிரோடு விட்டவர் தாவீது. ஆனாலும் அவர் கையில் வேறொரு இரத்தம் இருந்தது, மனைவியை அபகரித்துவிட்டுப் போரில் சாகவிட்ட உரியாவினுடையது. தாவீதின் வீரன் அபிசாய் சீமேயியின் தலையை வெட்ட அனுமதி கேட்டபோது, அவன் தூஷிக்கட்டும் என்று தாவீது தடுத்துவிட்டார். விலாசம் தவறி வந்த கடிதத்தில்கூடத் தனக்குரிய ஒரு வரி இருப்பதை அவர் கண்டார் என்று தோன்றுகிறது. (அதே தாவீது மரணப்படுக்கையில் சீமேயியைச் சும்மா விடாதே என்று சாலொமோனிடம் சொன்னதையும் மறைக்க முடியாது, மன்னிப்பு ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல.) மத்தேயு 5:11 பாக்கியவான்கள் என்று அழைப்பது, பொய்யாய்த் தீமை சொல்லப்பட்டவர்களை. நடந்ததை நடந்ததாகச் சொல்கிறவர்களைச் சாத்தான் என்று பிரசங்க பீடத்திலிருந்து திட்டுகிறவருக்கு அந்த வசனத்தில் இடமில்லை. குறிப்பாகச் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை பற்றிய புகார் என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இரண்டு சாட்சி எங்கே என்று கேட்டுச் சபைக்குள்ளேயே முடித்துவைப்பது நீதியுமல்ல, சட்டமுமல்ல. நிரபராதியான ஊழியருக்கும் முறையான விசாரணையே பாதுகாப்பு.

நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பது அடுத்த சிக்கல். 1 கொரிந்தியர் 6இல், சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் அவிசுவாசிகள் முன்பாக வழக்காடுவதைப் பவுல் கண்டித்து, அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறார். அதே பவுல்தான், "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று, அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்கிறேன் என்று, சொன்னவர். கொரிந்துவில் அவர் கண்டித்தது உலகக் காரியங்களுக்காக விசுவாசிகளே ஒருவரையொருவர் இழுத்துச் சென்றதை. செசரியாவில் அவர் ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை 1 கொரிந்தியர் 6 தொடவே இல்லை. தானே முன்வந்து அவதூறு வழக்குப் போடுவது, அதாவது இன்று பாரதிய நியாய சம்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் வருவது, வேறு விஷயம்; அதற்கு முன் மத்தேயு 18இன் படிகளை முடித்துவிட்டோமா, நமக்கு வேண்டியது திருத்தமா அல்லது எதிராளியின் அவமானமா என்று கேட்டுக்கொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

யாரிடமும் சொல்ல முடியாத ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? சங்கீதங்கள் அதற்கென்றே இருக்கின்றன. "கொடுமையான சாட்சிகள் எழும்பி, நான் அறியாததை என்னிடத்தில் கேட்கிறார்கள்" என்று 35ஆம் சங்கீதம் முறையிடுகிறது. 109ஆம் சங்கீதம் வாசிக்கவே கூசும் அளவுக்குச் சபிக்கிறது. அந்தச் சொற்கள் எதிராளியின் கைபேசிக்குப் போகாமல் தேவனிடம் போயின. அங்கே அவற்றைக் கொட்டியவருக்குப் பகலில் ரசீதுக் கோப்பை அமைதியாக எடுத்துக்காட்டும் தெம்பு வரும்.

பவுலின் வழக்குக்கு வருவோம். பேலிக்ஸ் அவரிடமிருந்து பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான், கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் காவலில் வைத்துவிட்டுப் போனான். அடுத்து வந்த பெஸ்து முன்னால் மறுபடியும் அதே குற்றச்சாட்டுகள், அதே மறுப்பு. அகிரிப்பா ராஜா முழுவதையும் கேட்டுவிட்டு, இராயனுக்கு அபயமிடாதிருந்தால் இவனை விடுதலை பண்ணலாமே என்றான். பிறகு கப்பற்சேதம், மெலித்தா தீவு, ரோமாபுரி. அங்கே தமக்கென்று வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு வருஷம் தங்கி, தம்மிடத்தில் வந்த யாவரையும் ஏற்றுக்கொண்டார் என்று எழுதி லூக்கா புத்தகத்தை முடித்துவிடுகிறார். இராயன் என்ன தீர்ப்புச் சொன்னான் என்று அவர் எழுதவில்லை.